பொத்தானின் மெய்ப்பாடு

உள்ளத்தே நிகழும் ஒன்று உடலின்வழிப் புறத்தே புலனாதலை மெய்ப்பாடு என்பர் தமிழ் நூலோர். தொல்காப்பியனார் பொருளதிகாரத்தில் அதற்கென ஓர் இயலே வகுத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக எண்ணினார். நடுங்குவானைக் கண்டு அவனது அச்சத்தை அறிகின்றோம்; முகமலர்ந்தானைக் கண்டு அவனது உவகையை அறிகின்றோம். மெய்ப்பாடு இல்லையேல் ஒருவர் உள்ளத்தை ஒருவர் அறிதற்கு வாயில் இல்லை. உயிருடைய மக்கட்கு நூலோர் கண்ட இவ்விலக்கணம், உயிரற்ற ஒரு பொத்தானுக்கும் வேண்டப்படும் என்பதே ஈண்டு யான் எடுத்துக்கொண்ட பொருளாகும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் பயில்வான் ஒருவன் கணினித் திரையைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர்கட்கு நகைப்பை விளைக்கலாம். காரணம் பின்னர்க் கூறுவேன்.

பொத்தான் எனின் சட்டைப் பொத்தான் அன்று. கணினித் திரையில் எழுத்துப் பொறித்த ஒரு சிறு நாற்கோணமாய் நின்று, அழுத்தியவுடன் ஓர் ஏவலைச் செய்து முடிப்பதையே ஈண்டுப் பொத்தான் என்கின்றேன். வீட்டுச் சுவரிலுள்ள மின்விளக்கின் சுவிட்சு விரலின்கீழ்த் தாழும். 'டக்' என ஒலிக்கும். தாழ்ந்ததை விரலே அறிந்துகொள்ளும். திரையிலுள்ள பொத்தானோ வெறும் ஒளிப்படம். அது தாழ்வதுமில்லை, தானாக ஒலிப்பதுமில்லை. ஆதலின் கண்ணுக்குத் தோன்றும் மாற்றத்தாலேயே அது தன் நிலையை உரைத்தல் வேண்டும். 1984-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் வெளியிட்ட மக்கின்டாஷ் கணினியின் திரைக்குக் கருமை, வெண்மை என்னும் இரண்டே நிறங்கள் இருந்தன. எனினும் பொத்தானை அழுத்துங்கால் வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறிக் காட்டின. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 பதிப்பில், பொத்தானின் மேல்விளிம்பு ஒளியும் கீழ்விளிம்பு நிழலும் பெற்று, அது புடைத்து நிற்பதுபோல் தோன்றிற்று. அழுத்தியவுடன் நிழல் மேலேறிக் குழிந்ததுபோல் தோன்றிற்று.

இக்காலத்துப் பொத்தானுக்குப் பெரும்பாலும் ஐந்து நிலைகள் கூறுவர். ஒன்றும் நிகழாதிருக்கும் இயல்பு நிலை ஒன்று. மவுஸின் அம்புக்குறி தன்மேல் வந்து நிற்கும் நிலை இரண்டு. அழுந்தும் நிலை மூன்று. விசைப்பலகையால் வேலை செய்வார்க்கு, அடுத்துத் தட்டும் விசை தன்னையே சாரும் என்று அறிவிக்கும் நிலை நான்கு. இப்பொழுது அழுத்தற்குரியதன்று என்று முடங்கிக் கிடக்கும் நிலை ஐந்து. இவ்வைந்தும் ஐந்து வேறு தோற்றம் பெறுதல் வேண்டும். பெறாவிடின் வரும் தீங்கு யாது என வினவுவார்க்கு, என் வீட்டிற் கண்டதையே விடையாகக் கூறுவேன்.

யான் செஞ்சிக்கு வடக்கே, கோட்டை மலைகள் கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள சிங்கவரத்தைச் சேர்ந்தவன். என் தமையனார் அப்பக்கத்து நெல் மண்டி ஒன்றிற் கணக்கெழுதுகின்றார். அங்கே எலக்ட்ரானிக் தராசு கணினியோடு இணைக்கப்பட்டிருக்கின்றது. மூட்டை தட்டின்மேல் ஏறியவுடன் திரையில் எண்கள் ஆடும். சற்றுப் பொறுத்து நிலைக்கும். எண்கள் ஆடுங்கால் 'பதிவு' என்னும் பொத்தான் சிவப்பாகவும், நிலைத்தபின் பச்சையாகவும் இருக்கும். வேறு வேறுபாடு யாதும் இல்லை. எழுத்து மாறாது; வடிவு மாறாது; சிவப்பாயிருக்கும்போது அழுத்தினும் அது எடையைப் பதிந்துவிடும்.

என் தமையனாருக்கோ பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் வேறு வேறாகத் தோன்றா. இரண்டும் ஒரே மங்கிய மண்ணிறமாகத் தோன்றும் என்பார். அவ்வாறு தோன்றுதல் நோயன்று. பலர்க்கு உள்ளதொரு குறை. அணுக்கொள்கை கண்ட ஜான் டால்டன் என்னும் ஆங்கில அறிஞர் தமக்கே இக்குறையிருப்பதை உணர்ந்து, 1794-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். பாதுகாக்கப்பட்ட அவர் கண்ணிலிருந்து எடுத்த மரபணுவை 1995-இல் ஆராய்ந்தோர், அவருக்குப் பச்சையொளியை உணரும் கூறு இல்லாதிருந்ததென்று கண்டனர். எக்ஸ் குரோமோசோமின் வழியாக வருவதாகலின், இக்குறை பெண்டிரினும் ஆடவரிடத்தே மிகுதியாகக் காணப்படும்.

தமையனார் பொத்தானை விடுத்து எண்களையே நோக்கி வேலை செய்துவந்தார். மூட்டைகள் சிலவாயின் அது போதும். தை மாதத்துச் சம்பா அறுவடையில் வண்டிமேல் வண்டி வந்து நிற்குங்கால், கடைசி எண் மெல்ல ஆடிக்கொண்டிருப்பதைக் கண் தவறவிடும். அவ்வாறு ஒரு நாள் ஒரு முதியவரின் மூட்டைகள் சில எடை குறைந்து பதிவாயின. அவர் வேறிடத்தில் நிறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, 'தராசில் கை வைக்கிறவன்' என்று பலர் முன்னிலையிற் கூறினார். வேறொரு நாள் அழுத்தியபின் பொத்தான் யாதொன்றும் காட்டாமையால், பதியவில்லை போலும் என்றெண்ணித் தமையனார் மறுமுறையும் அழுத்த, ஒரு மூட்டை இரண்டாகக் கணக்கில் ஏறிற்று. முன்னதில் நட்டம் உழவருக்கு. பின்னதில் நட்டம் முதலாளிக்கு. இரண்டிலும் பழி கணக்கெழுதுவாருக்கு. அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை. 'தம்பி, நான் பொய்யன் இல்லை என்பதை எப்படிக் காட்டுவேன்?' என்று மட்டும் கேட்டார். அக்கேள்வியே என்னைப் பொத்தானின் இலக்கணத்திற் செலுத்தியது.

விடுதியில் என் அடுத்த அறையிலிருக்கும் நண்பர் ஒருவர் கணினித் துறையிற் பயில்பவர். அவரிடம் இதனை உரைத்தேன். அவர் தம் மடிக்கணினியைத் திறந்து, 'ஸாமல்' என்னும் குறிமொழியில் ஒரு பொத்தானை எழுதிக் காட்டினார். 2006-ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் டாட்நெட் 3.0 பதிப்போடு வெளியிட்ட டபிள்யூ. பி. எஃப். என்னும் அமைப்பிற்கு உரிய மொழி அது. 2018-இல் அவ்வமைப்பின் மூலநிரல் யாவரும் காணுமாறு திறந்துவிடப்பட்டது. ஸாமலில் நிரலாளர் திரையை வரைவதில்லை. இன்ன பொருள் இன்ன பண்புடையது என்று விதிக்கின்றார். பின்னணி இந்நிறம், எழுத்து இவ்வளவு, எல்லைக்கோடு இத்தடிப்பு எனப் பண்பும் மதிப்புமாக எழுதுவதைச் செட்டர் என்பர். பல செட்டர்களைத் தொகுத்து ஒரு பெயரிட்டால் அது ஸ்டைல் எனப்படும். ஒரு ஸ்டைலை நூறு பொத்தான்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஓரிடத்தில் திருத்தினால் நூறும் திருந்தும்.

நிலைக்கேற்பத் தோற்றம் மாறுதற்கு 'டிரிக்கர்' என்பதொன்று உண்டு. யான் அதனைத் தூண்டுவிதி என வழங்குவேன். அம்பு மேல் நிற்றல் உண்மையாயின் பின்னணி இதுவாகுக. அழுந்துதல் உண்மையாயின் எல்லைக்கோடு இதுவாகுக. இயங்கும் தன்மை பொய்யாயின் எழுத்து இவ்வாறாகுக என்று தனித்தனியே விதித்தல் அது. இதிலுள்ள நலம் யாதெனின், நிபந்தனை நீங்கியவுடன் பண்பு தானே தன் பழைய மதிப்பிற்குத் திரும்பிவிடும். 'அம்பு விலகினால் முன்போலாகுக' என மற்றொரு விதி எழுத வேண்டுவதில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு நன்னூற் புணரியல் நினைவிற்கு வந்தது. நிலைமொழியும் வருமொழியும் கூடுங்கால் மாற்றமின்றிப் புணர்வது இயல்பு. மாற்றம் பெறுவது விகாரம். அவ்விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும். வாழை என்பதும் பழம் என்பதும் சேர ஒற்றுத் தோன்றி வாழைப்பழம் ஆகும். பொன்னும் குடமும் சேர ஒற்றுத் திரிந்து பொற்குடம் ஆகும். மரமும் வேரும் சேர ஒற்றுக் கெட்டு மரவேர் ஆகும். பொத்தானின் மாற்றங்களும் இவ்வாறே. விசைப்பலகையின் குறி வந்தவுடன் புள்ளிக்கோடு ஒன்று சுற்றிலும் எழுதல் தோன்றல். அழுந்துங்கால் நிறம் வேறாதல் திரிதல். முடங்குங்கால் ஒளி மங்குதல் கெடுதல். இனி, மரவேர் என்பதைப் பிரித்த மாத்திரத்தில் மரம் தன் மகர ஒற்றைத் திரும்பப் பெறுகின்றது. தூண்டுவிதி நீங்கியபின் பொத்தான் இயல்பிற்கு மீளுதலும் அத்தகையதே என்றேன். நண்பர் நகைத்தாராயினும் ஒப்புக்கொண்டார்.

இலக்கணத்திற் பொதுவிதியும் சிறப்புவிதியும் முரணுங்கால் எது வெல்லும் என்னும் வினா எழுவதுண்டு. ஸாமலிலும் அவ்வினா எழும். அதற்கு விடையும் வகுத்துள்ளனர். அதனை அறியாதார் பல நாள் இடர்ப்படுவர் என நண்பர் மூன்று செய்திகளைக் கூறினார்.

முதலாவது, ஒரே பண்பை இரு தூண்டுவிதிகள் ஒரே காலத்திற் பற்றுமாயின், பின்னர் எழுதப்பட்டதே வெல்லும். மவுஸால் அழுத்துங்கால் அம்பும் பொத்தானின் மேலேயே நிற்கும். ஆதலின் இரண்டு நிபந்தனையும் உண்மையாம். அழுந்தல் விதியை முன்னும் நிற்றல் விதியைப் பின்னும் எழுதினால், அழுந்தியதன் தோற்றம் ஒருகாலும் வெளிப்படாது. எனவே அழுந்தலைப் பின்னர் வைத்தல் முறை.

இரண்டாவது, பொத்தானின் மீதே நேராக எழுதப்பட்ட மதிப்பு, ஸ்டைலின் தூண்டுவிதியினும் வலியுடையது. பொத்தானிலேயே 'பின்னணி பச்சை' என்று எழுதிவிட்டு, ஸ்டைலில் 'அம்பு நின்றால் நீலம்' என விதித்தால் நீலம் வாராது. பச்சையை அங்கிருந்து எடுத்து ஸ்டைலின் செட்டராக வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, இவ்விரண்டும் செம்மையாயிருந்தும் மாற்றம் தோன்றாதொழிதல் உண்டு. பொத்தானின் உருவத்தைக் கட்டும் அச்சுக்கு 'கண்ட்ரோல் டெம்ப்ளேட்' என்று பெயர். எல்லைச் சட்டம் ஒன்று, அதனுள் எழுத்து நிற்கும் இடம் ஒன்று என அது பொத்தானை ஆக்குகின்றது. விண்டோஸ் 8 முதலாக வரும் பதிப்புகளில் அமைந்துள்ள இயல்பான அச்சு, அம்பு மேல் நின்றவுடன் தன் உட்சட்டத்திற்குத் தானே ஒரு வெளிர்நீலத்தைப் பூசிக்கொள்ளும். நாம் ஸ்டைலில் விதித்த நிறம் பொத்தானின் பண்பில் ஏறியிருந்தும், சட்டம் அதனைக் காட்டாது. அந்நிலையில் அச்சையே புதிதாக எழுதி, தூண்டுவிதிகளை அதனுள் அமைத்தல் ஒன்றே வழி.

2010-இல் வந்த டபிள்யூ. பி. எஃப். நான்காம் பதிப்பு மற்றொரு முறையையும் தந்தது. 'விஷுவல் ஸ்டேட் மேனேஜர்' என்பது அதன் பெயர். நிலைகளைக் குழுக்களாகப் பிரித்தலே அதன் சிறப்பு. இயல்பு, அம்பு நிற்றல், அழுந்தல், முடங்கல் என்பன ஒரு குழு. விசைப்பலகையின் குறி உண்மை, இன்மை என்பன மற்றொரு குழு. ஒரு குழுவினுள் ஒரு காலத்து ஒரு நிலையே நிகழும். வேறு வேறு குழுவின் நிலைகள் உடன் நிகழலாம். அழுந்திய பொத்தான் இயல்பாயிருத்தல் இயலாது. அழுந்திய பொத்தான் குறி பெற்றிருத்தல் இயலும். இப்பகுப்புத் தெளிவு என் போன்றோர்க்கு மிக இனித்தது.

இவையனைத்தும் கற்றபின் நாங்கள் இருவரும் தராசுப் பொத்தானொன்றை மாதிரியாகச் செய்தோம். எடை நிலைத்ததா என்பது பொத்தானின் பண்பன்று. தராசிலிருந்து வரும் செய்தி. அச்செய்தியை நோக்கி நிற்கும் தூண்டுவிதியை 'டேட்டா டிரிக்கர்' என்பர். எடை ஆடுங்கால் பொத்தான் முடங்கிக் கிடக்கும்; எல்லைக்கோடு மெலிந்து, 'எடை நிலைக்கவில்லை' என்னும் எழுத்து நிற்கும். நிலைத்தவுடன் கோடு தடித்து, 'பதிக்கலாம்' என எழுத்து மாறும். அழுத்தியபின் பதிந்து முடியுங்காறும் மீண்டும் முடங்கி, 'பதிகிறது' என்று காட்டும். அதனால் ஒரு மூட்டை இரண்டாக வழியில்லை. நிறமும் உண்டு, ஆயின் நிறத்தை நீக்கிவிட்டுக் கண்டாலும் பொருள் குன்றாது. நிறம் ஒன்றையே குறியாக வைத்தல் தகாதென்பது வைய விரிவு வலைக் கூட்டமைப்பினர் வலைப்பக்கங்கட்கு வகுத்த நெறிகளுள் ஒன்று. பொத்தானின் நிலையை அறியத் துணையாகும் கோடு முதலியன அடுத்துள்ள நிறத்தோடு மூன்றுக்கு ஒன்றேனும் ஒளிவேறுபாடு உடையனவாதல் வேண்டுமென 2018-ஆம் ஆண்டின் பதிப்பில் அவர்கள் சேர்த்தனர். முடங்கிய பொத்தானுக்கு அவ்விதியினின்று விலக்கு உண்டு. எனினும் எங்கள் தராசில் முடங்கிய பொத்தானின் எழுத்தையே படிக்க வேண்டியிருத்தலின், அதனையும் தெளிவாகவே வைத்தோம்.

இந்நெறி நம் நாட்டிற்குப் புதிதன்று. வாக்குப்பதிவு இயந்திரத்தை யாவரும் கண்டிருப்பர். 1982-இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாகப் பயன்பட்டு, 2001-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் வந்தது அது. வாக்களிக்கலாம் என்பதற்குப் பச்சை விளக்கு ஓரிடத்தில் எரியும். நீலப் பொத்தானை அழுத்தியவுடன் அவ்விளக்கு அணைந்து, வேட்பாளர் பெயரின் எதிரே சிவப்பு விளக்கு எரியும். நீண்ட ஒலியும் எழும். ஈண்டுச் சிவப்பும் பச்சையும் இருப்பினும் அவை வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. ஒலியும் துணை நிற்கின்றது. பார்வையற்றோர் தடவியறியப் புள்ளியெழுத்தெண்ணும் உண்டு. நிறம் அறியாதாரும் தம் வாக்குப் பதிந்ததை ஐயமின்றி அறிவர். ஒருமுறை பதிந்தபின், அலுவலர் மீண்டும் இடங்கொடுக்குங்காறும் எத்துணை முறை அழுத்தினும் இரண்டாம் வாக்கு ஏறாது.

எங்கள் ஊர்க் குன்றில் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில் ஒன்று உளது. பாறையிலேயே செதுக்கப்பட்ட அரங்கநாதரின் பள்ளிகொண்ட உருவம் அங்கே இருக்கின்றது. யான் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவனாயினும், அவ்வுருவத்தைப் பற்றி ஊரார் கூறும் கதையைக் கேட்டே வளர்ந்தேன். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருதற்கு எழுந்த இராஜா தேசிங்கு, இறைவனிடம் விடைபெற வந்தானாம். போர் வேண்டா என்பதற்கு அறிகுறியாக அரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு அதனைப் பொருட்படுத்தாது சென்று, 1714-ஆம் ஆண்டில் களத்தில் வீழ்ந்தான். முகம் திரும்பியது கதை. அவன் வீழ்ந்தது வரலாறு. கதையிலும் குறி தெளிவாகவே காட்டப்பட்டது. கண்டும் மீறியவன் அரசன். அவன் செயலுக்கு அவனே பொறுப்பாவான். குறி தன் கண்ணுக்குப் புலப்படாதவாறு அமைக்கப்பட்ட ஒருவனை அவ்வாறு பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? என் தமையனாரைப் பழித்தாருக்கு யான் கூறக்கூடிய விடை இஃதொன்றே.

விடுமுறையில் எங்கள் மாதிரியை அவருக்குக் காட்டினேன். அவர் மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே பத்துப் பன்னிரண்டு முறை அழுத்திப் பார்த்தார், ஒருமுறையும் தவறவில்லை. மண்டி முதலாளிக்கும் அதனைக் காட்டினார். மண்டியிலுள்ள நிரல் பிறரால் விற்கப்பட்டதாகலின் அதிற் கை வைத்தல் எங்களால் இயலாது. முதலாளி விற்றவர்களுக்கு எழுதினார். சில வாரங்களில் ஒரு திருத்தம் வந்தது. பொத்தானின் மேலெழுத்து இப்பொழுது எடைக்கேற்ப மாறுகின்றது. ஆடுங்கால் முடங்குமாறு மட்டும் இன்னும் செய்யவில்லை. 'எழுத்து இருக்கிறதே, தம்பி, அது போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்' என்கின்றார் தமையனார். அது போதாதென்பதே என் எண்ணம். அடுத்த அறுவடைக்குமுன் மற்றொரு முறை எழுதுமாறு முதலாளியை வேண்டியிருக்கின்றோம். பழித்துரைத்த முதியவர் மட்டும் இன்னும் அம்மண்டிப் பக்கம் வரவில்லை. அவரை வீட்டிற்சென்று காண்பதாகத் தமையனார் சொல்லியிருக்கின்றார்.

நம் கல்லூரியிற் கணினி பயிலும் நண்பர்கள் பலர், நாளை ஊர்தோறும் மண்டிக்கும் மருந்தகத்திற்கும் நூலகத்திற்கும் நிரல் எழுதுவர். அவர்கட்கு ஒரு விண்ணப்பம். ஒரு பொத்தானை எழுதி முடித்தபின், திரையின் நிறங்களை நீக்கிக் கருமை வெண்மையாக்கி ஒருமுறை நோக்குக. மவுஸை ஒதுக்கிவைத்து, விசைப்பலகையால் ஒருமுறை இயக்குக. அழுத்தியபின் அது என்ன சொல்லுகின்றதென்று பாருங்கள். அதற்கு வேண்டுவது கால் நாழிகை. அதனால் ஒருவர் தம் தொழிலை நற்பெயரோடு செய்து வீடு திரும்புவராயின், அக்கால் நாழிகை வீணாயிற்றென எவரும் கூறார்.